ஞாயிற்றுக்கிழமைப் பாகம்

எங்கள் நினைவுச் சில்லு மையத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பாகம் பிரிக்க வருகிறவர்கள். அழிக்க வருகிறவர்கள் குறைவு. அவர்களைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். நாற்காலியில் முழுசாக உட்கார மாட்டார்கள். யாரோ எழுந்திரு என்று சொல்லப்போவதை எதிர்பார்த்து விளிம்பில் தொற்றிக்கொண்டிருப்பார்கள்.

உமாபதியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு வயது, ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநர். ஆறு வருஷத்துக்கு முன்பு இதே நாற்காலியில் வைத்து அவருடைய தலையைப் பாகம் பிரித்தவள் நான்தான். அன்றைக்கு அவருக்கு ஒரு நரைகூட இல்லை. எனக்கும்தான்.

அப்போது அவர் அப்பா மாத்ருபூதம், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நுரையீரல் பழுதாகிக் கடைசி வாரத்தில் இருந்தார். அவரைப் பிரதி எடுத்து வைக்க ஒரு தலை வேண்டும். மனைவிக்கு நினைவுச் சில்லு கிடையாது, அறுபதுக்கு மேல் பொருத்தவும் மாட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே பிள்ளை. லால்குடியிலிருந்து வந்திருந்த தாய்மாமன்தான் முன்னால் நின்று என்னிடம் விவரம் கேட்டார்.

"ஒரே தலைல ரெண்டு பேரு எப்படிம்மா இருப்பாங்க?"

"காதுக்குப் பின்னாடி இருக்கிற சில்லத்தான் பிரிக்கிறோம். ஒரே வீட்டுக்கு நடுவுல சுவர் வைக்கிற மாதிரி. ஒரு பக்கம் இவரு, இன்னொரு பக்கம் அப்பா."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா?"

"பேச முடியாது. உடம்பு ஒண்ணுதானே. ஒரு அடுப்புல ஒரு நேரத்துக்கு ஒரு பானைதான் ஏறும். காலைல கண் முழிக்கிறப்ப பத்து செகண்ட் இருக்கும், அதுக்குள்ள யாரு வரணும்னு முடிவாயிடும். ஞாயித்துக்கிழமைக்கு அப்பான்னு நாம முன்னாடியே குறிச்சு வெச்சுட்டா அவரே வந்துருவாரு. அன்னிக்கு முழுக்க இவரு உள்ள தூங்குவாரு. திங்கக்கிழமை முழிப்பாரு."

"பின்ன என்ன, தூங்கத்தானே போறான்" என்றார் மாமா, வராந்தாவில் இருந்த அத்தனை சொந்தக்காரர்களுக்கும் கேட்கும்படி. "பெத்த அப்பனுக்கு வாரத்துல ஒரு நாள் குடுக்கக் கூடாதா? ஒரே பிள்ள."

அதற்குப் பிறகு உமாபதியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கையெழுத்து இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டேன். மாமா சாயங்கால பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். ஊர் வாய்க்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். சுமக்கிறவன்தான் சுமக்க வேண்டும்.

இப்போது அவர் தனியாக வந்திருந்தார்.

"அப்பா பாகம் ஓட மாட்டேங்குது மேடம். பத்து நாளா. எடுத்துடலாமான்னு கேக்க வந்தேன்."

"வேற தொந்தரவு ஏதாவது?"

சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"மறதி. போன மாசம் பிரஷர் மாத்திரைல இருபத்தஞ்சுக்குப் பதிலா நூறு எடுத்து வெச்சுட்டேன். நர்ஸ் பாத்ததால தப்பிச்சுது. அது கூடப் பரவால்ல. முந்தாநேத்து ஸ்கூல் வாசல்ல நிக்கிறேன், எம் பொண்ணு எதிர்ல ஓடி வருது, பேரு வரல. கிட்ட வந்து பையைக் குடுக்குற வரைக்கும் வரல."

வாசிப்பானை அவர் காதுக்குப் பின்னால் ஒட்டினேன். அவருடைய பக்கத்தில் மூன்று சதவீதம்தான் காலியாக இருந்தது. அடுத்த பக்கம் பாதிச் சில்லைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"உங்க பக்கம் நிரம்பிடுச்சு. இனிமே புதுசு எழுத இடம் இல்லன்னா பழசு மேல எழுதும். எதை அழிக்குதுன்னு நாம சொல்ல முடியாது. ஒரு மாசத்துக்குள்ள அந்தப் பக்கத்தக் காலி பண்ணி உங்களோட சேத்தாகணும்."

"பெரிய சில்லா மாத்த முடியாதா?"

"இருபது வயசுல வெச்சது. நரம்போட ஒட்டிப் போயிருக்கும்."

அவர் தலையாட்டினார். அடுத்து, வழக்கமாகப் பார்ப்பதுபோல், அப்பா பாகம் கடைசியாக ஓடிய தேதியைத் திறந்தேன். திரையை இன்னொரு முறை பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தேன்.

"சார், பத்து நாள்னு சொன்னீங்க."

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"இது கடைசியா ஓடி மூணு வருஷம் ரெண்டு மாசம் ஆகுது."

பிரதிகள் அப்படித்தான். சில இருபது வருஷம் ஓடும், சில மூன்று வருஷத்தில் படுத்துவிடும். ஏன் என்று எங்களுக்கே தெரியாது. தொழில்நுட்பக் காரணம் என்று எழுதிக் கோப்பை மூடுவோம். ஆனால் படுத்த மூன்றாம் நாளே வந்து சொல்லிவிடுவார்கள். மூன்று வருஷம் கழித்து யாரும் வந்ததில்லை.

"ஒரு ஞாயித்துக்கிழமை கண்ணு முழிச்சேன்" என்றார் உமாபதி. "முழிச்சதே தப்பு, இல்லயா? நான் தூங்கிட்டு இருக்கணும். சரி, அப்பா வரட்டும்னு கண்ண மூடிட்டுப் படுத்திருந்தேன். பத்து செகண்டும் ஓடிப்போச்சு. யாரும் வரல. நானேதான் இருந்தேன்."

"அப்பவே இங்க வந்திருக்கலாமே."

"அடுக்களைல அம்மா வத்தக்குழம்பு தாளிக்கிற வாசனை வருது மேடம். அப்பாவுக்குன்னு. சரி, இந்த ஒரு நாள் சமாளிச்சுடுவோம், நாளைக்கு உங்ககிட்ட வந்து சரி பண்ணிக்கலாம்னு நெனச்சேன். அப்பா வேட்டியக் கட்டிக்கிட்டு, செருமிட்டு வெளில வந்தேன்."

அந்த ஒரு நாள் நூற்றறுபது ஞாயிற்றுக்கிழமை ஆகியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலமே அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். அது ஆரம்பத்திலிருந்தே இருந்த ஏற்பாடு. சொந்த வீட்டில் படுத்தால் காலையில் மருமகள் பக்கத்தில் மாமனார் எழுந்திருக்க வேண்டி வரும், அந்தக் கண்றாவி யாருக்கு வேண்டும். ஞாயிறு முழுக்க அப்பா. பேப்பரைச் சத்தமாகப் படிக்க வேண்டும். மோட்டாரைப் போட்டுவிட்டு தொட்டி நிரம்பும்வரை கீழேயே நிற்க வேண்டும்.

"அதெல்லாம் பழகிடுச்சு. அம்மாவ அதட்டணும், அதான் முடியல. காபி ஆறிப்போச்சுன்னு, துண்டு எங்கன்னு, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவையாவது அதட்டணும். இல்லன்னா சந்தேகம் வந்துரும். அதட்டிட்டு பாத்ரூமுக்குப் போயி நின்னுப்பேன்."

"வீட்டுல உங்க மனைவிக்கு?"

"ரேணுகாவுக்கும் தெரியாது. தெரிஞ்சா, மூணு வருஷமா நீங்கதான் முழிச்சிருந்தீங்களா, அப்ப இங்க இருந்திருக்கலாமேம்பா. அதுக்கு எங்கிட்ட என்ன பதில் இருக்கு?" குரலில் அழுகை இல்லை, அலுப்புதான் இருந்தது. "அப்பா இருந்தப்பகூட எனக்கு ஒரு நாள் தூக்கம் கெடைச்சுது மேடம். இப்ப ஏழு நாளும் நானேதான்."

சட்டப்படி ஒரு பாகத்தை அழித்தால் அது இரண்டாவது மரணம். இறந்தவருடைய மனைவியின் கையெழுத்து இல்லாமல் நாங்கள் தொடக்கூடாது. அதைச் சொன்னதும் அவர் விளிம்பிலிருந்து இன்னும் முன்னால் வந்தார்.

"அம்மாகிட்ட மூணு வருஷம்னு மட்டும் சொல்லாதீங்க. பாகம் பலவீனமாயிட்டு வருது, இன்னும் ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் ஓடும்னு சொல்லுங்க. அந்த ஒரு நாள் நான் அப்பாவா இருந்து ஒழுங்கா சொல்லிட்டுப் போயிடறேன். ஆஸ்பத்திரில அவரு மாஸ்க்கோட இருந்தாரு, அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லல."

எனக்குப் பொய் சொல்லப் பிடிக்காது. ஆனால் இந்த வேலையில் இருபது வருஷமாக நான் சொன்னதெல்லாம் என்ன? சரி என்றேன்.

சுகந்தவல்லி அம்மாள் வியாழக்கிழமை தனியாக வந்தார். எழுபது வயது. ரயில்வே முன்பதிவு கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவர். நாற்காலியில் முதுகு பதிய உட்கார்ந்து, கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லுங்கள் என்பதுபோல் பார்த்தார். நான் ஒப்பித்தேன். பலவீனம், இன்னும் ஒரே ஒரு ஞாயிறு, திங்கட்கிழமை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மகனுக்கு மறதி முற்றும். எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவன் சொல்லச் சொன்னானா?" என்றார்.

நான் மேஜையில் படிவத்தைத் தேடினேன்.

"வயசக் குறைச்சு அரை டிக்கெட் கேக்கிறவன் மூஞ்சியெல்லாம் பாத்தவ நான். ஒனக்குப் பொய் வரலம்மா. விடு."

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"மொத நாளே தெரியும்."

கண்ணாடிக் கூட்டைத் திறந்தார், மூடினார்.

"இலை போட்டேன். வந்து உக்காந்தான். கொழம்ப ஊத்தினேன். 'நீ சாப்ட்டியா'ன்னான். அப்பறம் அவனே சுதாரிச்சுக்கிட்டு, 'அப்பளம் எங்க'ன்னு ஒரு அதட்டல் போட்டான். நான் அடுக்களைக்குள்ள போயி சுவத்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன். முப்பத்தெட்டு வருஷம்மா. அவரு ஒரு நாள் என்ன பாத்து நீ சாப்ட்டியான்னு கேட்டதில்ல. கெட்டவரு இல்ல. கேக்கணும்னு அவருக்குத் தோணினதில்ல, அவ்வளவுதான். அப்ப இலைல உக்காந்திருக்கறது யாரு?"

"ஏன் சொல்லல?"

"அன்னிக்குச் சொல்லியிருக்கணும்." சட்டென்று அவர் குரல் தாழ்ந்தது. "சனிக்கெழம ராத்திரி வந்தா நேரா படுக்கத்தான் போவான். பிள்ளையா வந்தா மாசத்துக்கு ஒரு தடவ வருவான். செருப்பக்கூடக் கழட்டாம வாசல்ல நின்னே மாத்திரையக் குடுத்துட்டு, வண்டி நோ பார்க்கிங்ல நிக்குதும்மான்னு ஓடிடுவான். அப்பனா வந்தா நாள் முழுக்க இருந்தான். எம் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சான். அதட்டினாத்தான் என்ன, எங் குழந்தைதானே அதட்டுது. நான் பேராசப்பட்டுட்டேன். அவ ஒருத்தி, மருமக, அவளோட ஞாயித்துக்கெழமையும் சேத்து நானே வாங்கி வெச்சுக்கிட்டேன். அவ கண்ணப் பாக்க எனக்கு முடியல."

நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதே. அவர அவன் தலைல வைக்கச் சொல்லி நான் கேக்கவே இல்ல. அவன் ஆசப்படறான்னு நெனச்சு ஒத்துக்கிட்டேன். அவன் என்னடான்னா எனக்காகன்னு நெனச்சிருக்கான். எங்கண்ணன் வாய் பண்ணின வேல."

படிவத்தை நகர்த்தினேன். ஒரு நொடி தயங்கவில்லை, கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷம் ரசீதில் போட்டுப் பழகிய கையெழுத்து, பாதி எழுத்து இல்லை.

"எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம். மூணு வருஷம் கஷ்டப்பட்டிருக்கான். அது வீணாப்போச்சுன்னு நெனச்சுப்பான்." எழுந்தவர் நின்றார். "அழிச்ச பின்னாடி அவன் ஞாயித்துக்கெழமை வருவானாம்மா?"

அதற்கு எந்த வாசிப்பானும் கிடையாது. வருவார் என்றேன். அந்தப் பொய்யையும் அவர் கண்டுபிடித்திருப்பார், ஆனால் எதுவும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உமாபதி வந்தார். தூங்காத கண். நான் வாசிப்பானை ஒட்டி, அழிக்கிற வேலையைத் தொடங்கினேன். இருபத்திரண்டு நிமிஷம் ஆகும் என்று திரை சொன்னது. அதுவரை ஆளைப் பேசவைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. அவரே பேசினார்.

"நேத்து எல்லாம் சரியாத்தான் பண்ணேன் மேடம். பீரோச் சாவி எங்க இருக்குன்னு சொன்னேன். மோட்டாருக்கு வால்வு மாத்தணும்னு சொன்னேன். அவரு அதத்தான் சொல்லியிருப்பாரு. அம்மா உம் கொட்டிட்டே இருந்தாங்க. மத்தியானம் இலை போட்டாங்க. உக்காந்தேன். கடைசி நாளாச்சே, போற மனுஷன் ஒரு தடவ கேட்டா என்ன குத்தம்னு தோணிச்சு. 'நீ சாப்ட்டியா'ன்னு கேட்டேன்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு சதவீதம்.

"'இல்ல உமாபதி, நீ சாப்பிடு, அப்பறம் உக்காந்துக்கறேன்'ன்னாங்க."

சொல்லிவிட்டு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா பேர அம்மா சொல்லவே மாட்டாங்க. என்னங்கன்னுதான் கூப்பிடுவாங்க. தவறிப்போயி வந்துச்சா, தெரிஞ்சுதான் சொன்னாங்களான்னு மொகத்தப் பாத்தேன். கொழம்பு ஊத்திட்டே இருந்தாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அப்பளத்த ஒடச்சேன். பாதியத் தட்டுல வெச்சு அவங்க பக்கம் தள்ளினேன். அவங்களும் உக்காந்தாங்க. ரெண்டு பேரும் சாப்ட்டோம். எத்தன நாளாத் தெரியும்னு நான் கேக்கல. அவங்களும் சொல்லல." பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தலைய அசைக்காதீங்க" என்றேன்.

திரையில் பட்டை நிரம்பி முடிந்தது. மாத்ருபூதம் இருந்த இடம் வெறும் இடமாக ஆனது. அதை மகனோடு சேர்த்தேன். இனி ஒரே ஆள்தான் என்பதால் காலையில் வரும் அந்தப் பத்து நொடியையும் எடுத்துவிடலாமா என்று மென்பொருள் கேட்டது. நான் அவரைக் கேட்டேன்.

"எடுத்துடுங்க. இனிமே யாரும் வர வேண்டியதில்ல. நானே போயிப்பேன் மேடம், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். நானாவே போவேன்."

மனசாரத்தான் சொன்னார். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு வேலை கொஞ்சம் பிடித்திருந்தது.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். ஆளே மாறியிருந்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது, தலைக்குச் சாயம் அடித்திருந்தார், நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மருந்துப் பெயர்கள் நாற்பது கேட்டேன், நாற்பதும் சொன்னார். மகளின் தோழிகள் பெயரைக்கூட வரிசையாகச் சொன்னார். கடைசிக் கேள்வி, கடந்த ஒரு வருஷத்தில் மறக்க முடியாத ஒரு நாள்.

"அந்தக் கடைசி ஞாயித்துக்கிழமைதான். அப்பளம் ஒடஞ்ச சத்தம்கூட ஞாபகம் இருக்கு."

நூற்றுக்கு நூறு என்று போட்டேன்.

"இப்ப ஞாயித்துக்கிழமையெல்லாம் எப்படிப் போகுது?"

"பொண்ணுக்கு நீச்சல் கிளாஸ் மேடம். காலைல நான்தான் கூட்டிட்டுப் போறேன். ரேணுகாவும் வருவா. அப்படியே வெளில சாப்ட்டு வந்துருவோம்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் நியாயமானது. மூன்று வருஷம் அந்தக் குழந்தைக்குக் கிடைக்காதது அது.

"அம்மா?"

"நல்லா இருக்காங்க. போன மாசம்கூடப் போயி மாத்திரை குடுத்துட்டு வந்தேனே."

சொல்லிவிட்டு, கைபேசியில் மணி பார்த்தார். கீழே வண்டி நிற்கிறது என்றார். அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே கேட்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, அலுப்பாக இருந்தது. செருப்பைக் கழற்றினீர்களா என்று கேட்க நினைத்தேன். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை.